வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு நண்பர்கள் எங்கிருந்து வருவார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் 9 வருடமாக எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டிலிருந்தே படிக்கிறார்கள். மூத்தவளுக்கு 15 வயது. யு.கே.ஜி.யோடு அவள் பள்ளி நின்றது. இளையவனுக்கு 11. அவன் பள்ளிக்கே போனதில்லை. இந்த வழிக்கு வர நினைக்கும் பெற்றோர் எங்களிடம் பேசும்போது கணக்கு, அறிவியல், பரீட்சை பற்றியெல்லாம் பத்து நிமிடத்தில் கேட்டு முடித்துவிடுவார்கள். அப்புறம் ஒரு மணி நேரம் பேசுவது நண்பர்களைப் பற்றித்தான். அந்தக் கவலை நியாயமானது. எங்களுக்கும் இருந்தது. என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன்.

ஸ்கூலுக்கே போகலைன்னா பிள்ளை யார்கூடத்தான் விளையாடும்?

பள்ளியில் நட்பு எப்படி உண்டாகிறது என்று முதலில் யோசித்துப் பாருங்கள். யாரும் அங்கே நட்பைச் சொல்லித் தருவதில்லை. அதே பெஞ்சு, அதே முகங்கள், தினமும் அதே நேரம். டிபன் பாக்ஸைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்க்கிறான். அவ்வளவுதான். பள்ளியை விடும்போது பாடத்தைவிடப் பெரிதாக நாம் இழப்பது இதைத்தான். அதனால் நாம் உருவாக்கிக் கொடுக்க வேண்டியதும் இதுதான்: தெரிந்த முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஏற்பாடு.

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து 2018இல் ஓர் ஆய்வு வந்தது. அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக மாறவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல் ஆகும் என்றது அது. பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வுதான், பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் எனக்கு அந்தக் கணக்கு உதவியது. பள்ளியில் 50 மணி நேரம் இரண்டு வாரத்தில் கழிந்துவிடும். வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அதே 50 மணி சேர ஆறு மாதம் ஆகும். "நாலு தடவை கூட்டிட்டுப் போனேன், யாரும் பிரெண்ட் ஆகலை" என்று விட்டுவிடுகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். நாலு தடவை என்றால் 8 மணி நேரம்தானே ஆகியிருக்கிறது.

சரி, எங்கிருந்து ஆரம்பிக்கிறது? வீட்டுக் கல்வியில இருக்கிறவங்க யாரையுமே எனக்குத் தெரியாது.

தெரிய வேண்டியதில்லை. உங்கள் தெருவிலிருந்து ஆரம்பியுங்கள். பள்ளிப் பிள்ளைகள் வீடு திரும்பி, சாப்பிட்டு, சாயங்காலம் நாலரை மணிக்குக் கீழே இறங்குவார்கள். ஆறரைக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் உங்கள் பிள்ளைக்கு எந்த வேலையும் வைக்காதீர்கள். பாடம், கீபோர்டு வகுப்பு, பல் டாக்டர் எல்லாவற்றையும் காலையில் வைத்துக்கொள்ளலாம். நமக்குத்தான் காலை முழுக்க இருக்கிறதே. நாங்கள் முதல் வருடம் செய்த தவறு, ஐந்து மணிக்குப் பாட்டு வகுப்பில் சேர்த்தது. மகள் சரளி வரிசை பாடிக்கொண்டிருந்தபோது கீழே கண்ணாமூச்சி நடந்துகொண்டிருந்தது.

பள்ளி நாட்காட்டியையும் வீட்டில் மாட்டி வையுங்கள். செப்டம்பரில் காலாண்டு விடுமுறை, டிசம்பரில் அரையாண்டு, பிறகு கோடை. இவை உங்கள் பிள்ளைக்கு அறுவடைக் காலம். அப்போது வெளியூர் பயணம் வைக்காமல் ஊரில் இருங்கள். நீங்கள் பயணம் போக ஜூலையும் நவம்பரும் இருக்கின்றன, ரயிலில் இடமும் கிடைக்கும்.

எங்க தெருவுல பிள்ளைங்க கீழ இறங்கறதே இல்லை. டியூஷன், கராத்தேன்னு போயிடறாங்க. அப்ப?

அப்படியானால் அவர்கள் போகும் இடத்துக்குப் போங்கள். ஆனால் வகுப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லோரும் ஆசிரியரைப் பார்த்து வரிசையாக உட்காரும் வகுப்பில் நட்பு வளராது. ஒருவரோடு ஒருவர் சேர்ந்தால்தான் நடக்கும் வேலை வேண்டும். சிலம்பத்தில் எதிரில் ஆள் வேண்டும். பறையில் சேர்ந்து அடிக்க ஆள் வேண்டும். கால்பந்து, கபடி, நாடகம் எல்லாம் அப்படித்தான். அபாகஸ் அப்படி இல்லை.

வகுப்பைவிட முக்கியம் அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் நேரம். கால் மணி முன்னால் போங்கள், அரை மணி கழித்துக் கிளம்புங்கள். செருப்பு கழற்றும் இடத்தில்தான் பேச்சு ஆரம்பிக்கிறது.

அரசு நடத்தும் இடங்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் பாட்டு, நடனம், ஓவியம் எல்லாம் குறைந்த கட்டணத்தில் கற்றுத் தருகிறார்கள். எந்தப் பள்ளிப் பிள்ளையும் வரலாம் என்பதால் பலதரப்பட்ட பிள்ளைகள் இருப்பார்கள். கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர் பிரிவு தனியாக உண்டு. ஒரே கிழமை, ஒரே நேரத்துக்குப் போனால் அதே பிள்ளைகளைப் பார்ப்பீர்கள். நூலகர் உங்கள் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிப்பார், அதுவும் ஓர் உறவுதான்.

மத்த ஹோம்ஸ்கூல் குடும்பங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருவண்ணாமலை, ஆரோவில் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கிறார்கள். ஸ்வசிக்ஷன் என்ற பெயரில் இந்திய அளவில் வீட்டுக் கல்விப் பெற்றோர் சங்கம் ஒன்றும் உண்டு. ஒரு குடும்பத்தைப் பிடித்துவிட்டால் போதும், அவர்கள் வழியாக வாட்ஸப் குழுக்கள் தானாக வரும். ஆனால் வாட்ஸப்பில் நட்பாவது பெற்றோர்தான், பிள்ளைகள் இல்லை. 200 பேர் உள்ள குழுவில் ஒரு வருடம் இருந்தும் ஒரு பிள்ளையைக்கூட நேரில் பார்க்காத குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

எங்கள் புதன்கிழமைக் கூட்டம் ஆரம்பித்த கதையைச் சொல்கிறேன். இரண்டே குடும்பம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாநகராட்சிப் பூங்கா, காலை 10 மணி. ஒரே ஒரு விதி வைத்தோம்: யார் வந்தாலும் வராவிட்டாலும் நாம் போக வேண்டும். போன் பண்ணி "நீங்க வர்றீங்களா?" என்று கேட்கக் கூடாது. முதல் ஆறு வாரத்தில் மூன்று வாரம் நாங்கள் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் வேப்பம்பழம் பொறுக்கினார்கள், நான் கேரியரைத் திறந்து புளிசாதம் போட்டேன். நாலாவது மாதம் ஐந்து குடும்பமானது. இன்று பதினாலு.

ஆரம்பத்தில் வாரா வாரம் ஏதாவது நிகழ்ச்சி வைத்தோம். களிமண், கதை சொல்லல், அறிவியல் சோதனை என்று ஒவ்வொரு குடும்பமும் முறை வைத்துச் செய்தது. பெற்றோருக்கு அது பெரிய சுமை. முறை வந்தவர்கள் பயந்து அந்த வாரம் வராமலே இருந்தார்கள். பிள்ளைகளோ எப்போது முடியும், விளையாடப் போகலாம் என்று காத்திருந்தார்கள். எல்லாவற்றையும் நிறுத்தினோம். இப்போது ஒரு கயிறு, ஒரு பந்து, ஒரு பாய், சாப்பாடு. அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் கூட்டம் நிலைத்தது.

அந்தக் கூட்டத்துல என் பிள்ளை வயசுல யாருமே இல்லைன்னா?

பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். எங்கள் கூட்டத்தில் 4 வயதும் உண்டு, 15 வயதும் உண்டு. ஒரே வயதுப் பிள்ளைகள்தான் நண்பர்களாக முடியும் என்பது பள்ளி வகுப்பு பழக்கிவிட்ட எண்ணம். நாம் தெருவில் விளையாடியபோது அப்படியா இருந்தோம்? சின்னவர்களை "உப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்வோம். ஓடலாம், தொடலாம், ஆனால் அவுட் கிடையாது. அந்தச் சொல்லை எங்கள் கூட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், மறுவாரமே நாலு வயதுக்காரி தன்னை "நான் உப்பு" என்று சொல்லிக்கொண்டு ஓடினாள்.

12 வயதுக்கு மேல் கதை வேறு. அப்போது தன் வயது ஆட்கள் வேண்டும். அதற்குத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

நாங்க சின்ன ஊர்ல இருக்கோம். சென்னையில இருக்கிற வசதி எதுவும் இங்க இல்லையே.

சின்ன ஊரில் தெரு இன்னும் உயிரோடு இருக்கிறது. அது சென்னையில் பலருக்கு இல்லை. இரண்டாவது கேள்விக்குச் சொன்னது உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

அதோடு தமிழ்நாடு அறிவியல் இயக்கம் மாவட்டம்தோறும் இருக்கிறது. 1980இல் தொடங்கியது, துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழை நடத்துகிறது. அதன் சிறுவர் அறிவியல் மன்றமான துளிர் இல்லம் உங்கள் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு என்று நடப்பதில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆய்வு செய்கிறார்கள். பள்ளிக்கு வெளியே உள்ள பிள்ளைகளுக்கும் அதில் இடம் உண்டு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து ஊர்க் குளத்தை மாதக்கணக்கில் அளந்து பார்க்கிற வேலை, முதல் கேள்வியில் சொன்ன மணிக்கணக்கைத் தானாகவே சேர்த்துவிடும்.

2015இலிருந்து பொங்கலையொட்டி நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நல்ல வாய்ப்பு. கால் மணி நேரம் நின்று பார்த்த பறவைகளை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் போதும். உங்கள் மாவட்டத்தில் யார் பறவை பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை. பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கும் சித்தப்பா, அத்தை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போங்கள்.

"எந்த ஸ்கூல், என்ன கிளாஸ்?"னு யாராவது கேட்டா பிள்ளை முழிக்குது.

பஸ் கண்டக்டர், கல்யாண வீட்டு மாமா, பூக்காரம்மா என்று எல்லோரும் கேட்பது அந்த ஒரு கேள்விதான். நம் ஊரில் பிள்ளையிடம் அன்பாகப் பேச்சுக் கொடுக்கும் வழியே அதுதான், குறுக்கு விசாரணை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைக்கு இரண்டு வாக்கியம் சொல்லிக் கொடுங்கள். "நான் வீட்டிலேயே படிக்கிறேன். இப்ப ஆறாவது பாடம் படிக்கிறேன்." உடனே பேச்சை அவர்கள் பக்கம் திருப்பவும் சொல்லிக் கொடுங்கள். "உங்க பையன் எந்த ஸ்கூல்?" பொய் சொல்ல மட்டும் விடாதீர்கள். ஒரு பள்ளிப் பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு நண்பர்கள் முன்னால் மாட்டிக்கொண்ட பிள்ளை அந்தத் தெருவுக்கே போக மறுக்கும்.

இன்னொன்றையும் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் காதுபடப் பள்ளியைக் குறை சொல்லாதீர்கள். அவர்களுடைய டீச்சரும் யூனிஃபார்மும் அவர்களுக்குப் பெருமை. "ஸ்கூல்னா ஜெயில்" என்று நீங்கள் வீட்டில் பேசுவதை உங்கள் பிள்ளை போய் அங்கே சொல்லும். அடுத்த நாள் அந்த வீட்டுக் கதவு திறக்காது.

மாமியார் "பிள்ளையைக் கிணத்துத் தவளையா வளர்க்கறீங்க"ன்னு சொல்றாங்க. என்ன பதில் சொல்றது?

பதில் சொல்ல வேண்டாம், ஒரு வாரம் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். என் மாமியார் முதல் தடவை மனமில்லாமல்தான் வந்தார். கூழாங்கல் பொறுக்கி ஐந்தாங்கல் ஆடிக் காட்டினார். இப்போது முட்டி வலி என்றாலும் புதன்கிழமை விட மாட்டார், அவருக்கு அங்கே ஒன்பது பேரப்பிள்ளைகள்.

என் பையன் ரொம்பக் கூச்சம். கூட்டம்னாலே என் புடவையைப் பிடிச்சுக்கறான்.

அவனுக்குக் கூட்டம் வேண்டாம், ஓர் ஆள் போதும். அவன் கண் யார் மேல் போகிறது என்று பாருங்கள். அந்தப் பிள்ளையை மட்டும் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். கையில் வேலை கொடுங்கள்: பட்டம் ஒட்டுவது, பூரிக்கு மாவு தேய்ப்பது, சைக்கிள் துடைப்பது. நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவது கூச்சமுள்ளவனுக்குக் கஷ்டம். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தால் பேச்சு தானாக வரும். இரண்டு மணி நேரத்தில், இன்னும் விளையாட வேண்டும் என்ற ஆசை இருக்கும்போதே, முடித்துவிடுங்கள்.

"எனக்கு யாருமே இல்லை"ன்னு ராத்திரி அழறா. நாம தப்பு பண்ணிட்டோமோன்னு இருக்கு.

எங்கள் மகள் 9 வயதில் இப்படி அழுதாள். நான் உடனே பட்டியல் போட்டேன்: சிலம்பத்தில் இவள், பூங்காவில் அவள், கீழ்வீட்டில் இன்னொருத்தி. அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று நான் செய்திருக்க வேண்டியது, பக்கத்தில் படுத்து, "ஆமாம்மா, கஷ்டமாத்தான் இருக்கும்" என்று சொல்வது மட்டும்தான். இரண்டு நாள் கழித்து அதைச் சொன்னேன். அப்புறம்தான் உண்மை வெளியே வந்தது. அவளுடைய ஒரே நெருங்கிய தோழி குடும்பத்தோடு பெங்களூருக்குப் போகப்போகிறாள்.

நாட்காட்டியையும் பாருங்கள். மார்ச், ஏப்ரலில் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் பரீட்சைக்குள் போய்விடுவார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு வறண்ட மாதங்கள் அவை. எங்கள் கூட்டத்தில் அந்த இரண்டு மாதமும் வாரம் இரண்டு நாள் கூடுகிறோம்.

அழுகை தொடர்ந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள். வேறு பிள்ளைகளோடு, பெரியவர்கள் குறுக்கிடாமல், எத்தனை மணி நேரம் இருந்தாள்? வகுப்பு நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நான் எழுதியபோது வாரத்துக்கு மூன்று மணி நேரம்கூட வரவில்லை. அவள் அழுததில் நியாயம் இருந்தது.

பிரெண்ட்ஸுக்காகவே ஸ்கூலுக்குப் போறேன்னு அடம் பிடிச்சா?

மேலே சொன்ன நோட்டை முதலில் எழுதிப் பாருங்கள். நேரத்தைக் கூட்டியும் ஆசை மாறவில்லை என்றால் அனுப்புங்கள். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளை இதுவரை பள்ளிக்கே போகாமல் இருந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர உரிமை உண்டு. எங்கள் கூட்டத்திலிருந்து மூன்று பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். ஒருவன் ஒரு வருடத்தில் திரும்பி வந்தான். மற்ற இருவரும் அங்கே சந்தோஷமாக இருக்கிறார்கள், கோடையில் எங்களோடு பூங்காவுக்கும் வருகிறார்கள். வீட்டுக் கல்வி பிள்ளைக்காகத்தான். பிள்ளை வேண்டாம் என்ற பிறகும் நாம் பிடித்துக்கொண்டிருந்தால் அது யாருக்காக?

கூட்டத்துல ஒரு பையன் என் பையனை ஒதுக்கறான், தள்ளி விடறான். அவன் அம்மா எனக்கு நல்ல தோழி. எப்படிப் பேசறது?

இதுதான் எல்லாவற்றிலும் கடினம். பள்ளியில் டீச்சர் என்று மூன்றாவது ஆள் இருப்பார். இங்கே நாம்தான் பெற்றோர், நாம்தான் டீச்சர், நாம்தான் தோழி. பல கூட்டங்கள் உடைவது இந்த இடத்தில்தான்.

அந்த வாரமே பேசுங்கள், நேரில், தனியாக. வாட்ஸப்பில் வேண்டவே வேண்டாம். "உன் பையன் முரடன்" என்று சொல்லாமல், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "போன புதனும் இந்தப் புதனும் ஊஞ்சல் பக்கத்துல இவனைத் தள்ளினான், என்ன பண்ணலாம்?" அப்போதுதான் அவரால் தன் பிள்ளைக்காக வாதாடாமல் கேட்க முடியும். நாங்கள் இப்படி ஒரு சண்டைக்குப் பிறகு, பிள்ளைகள் பேசுவது காதில் விழும் தூரத்தில் ஒரு பெரியவர் எப்போதும் இருப்பது என்று முறை வைத்துக்கொண்டோம். விளையாட்டில் தலையிடுவதில்லை, அங்கே இருப்பது மட்டும்தான். ஒரு மாதம் பார்த்தும் மாறவில்லை என்றால் கொஞ்ச நாள் விலகியிருங்கள், ஆனால் மற்ற குடும்பங்களைத் தனித்தனியாகப் பார்ப்பதை விடாதீர்கள். பிள்ளைக்கு எல்லா முகமும் ஒரே நாளில் மறைந்துவிடக் கூடாது.

எல்லாரும் ஒரே மாதிரி குடும்பமா இருக்காங்களே, கார்ல வந்து இங்கிலீஷ்லயே பேசிக்கிறாங்க. இது சரியா?

சரியில்லை. நம் கூட்டங்களில் நான் பார்க்கும் பெரிய குறை இது. வீட்டில் பிள்ளையை வைத்துப் படிக்க வைக்க ஒருவராவது சம்பாதிக்கப் போகாமல் இருக்க வேண்டும், அல்லது வீட்டிலிருந்து வேலை பார்க்க வேண்டும். அது எல்லோருக்கும் முடியாது. அதனால் வடிகட்டிய கூட்டமாகிவிடுகிறது. அதை மட்டும் நம்பினால் பிள்ளைக்குத் தன்னைப் போன்றவர்களை மட்டும்தான் தெரியும்.

எங்கள் மகனுக்கு மாற்று வழியாக அமைந்தது மாநகராட்சி மைதானத்தின் கால்பந்துக் குழு. அங்கே வரும் பையன்களின் அப்பாக்கள் மீன் விற்கிறார்கள், ஆட்டோ ஓட்டுகிறார்கள், வங்கியில் வேலை பார்க்கிறார்கள். அவன் தமிழ் திருந்தியதும் அங்கேதான். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் போகிறோம், எங்கள் வீட்டுக்கு அவர்கள் வருகிறார்கள். பூங்காக் கூட்டம் ஒரு கால் என்றால் இது இன்னொரு கால். கூட்டத்துக்குக் கட்டணம் வைக்காதீர்கள், பஸ் வரும் இடத்தில் வையுங்கள், பேச்சைத் தமிழில் வையுங்கள். யார் வருகிறார்கள் என்பது அதிலேயே மாறும்.

வயசு 13 ஆச்சு. பூங்காவுக்கு வர மாட்டேங்கறான், எப்பவும் ஆன்லைன் கேம்தான்.

அந்த விளையாட்டில் அவனோடு சேர்ந்து ஆடுவது யார் என்று கேளுங்கள். நேரில் தெரிந்த நண்பனோடு ஆடினால் அதுவும் நட்பின் நீட்சிதான், அந்த நண்பனை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். முகம் தெரியாதவர்கள் மட்டும்தான் என்றால் கவனம் வேண்டும்.

இந்த வயதில் விளையாட்டைவிட வேலை இழுக்கும். பெரியவர்கள் தங்களை நம்பிக் கொடுக்கும் நிஜ வேலை. சென்னையில் 1988இலிருந்து மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு, ஜனவரி முதல் முட்டையிடும் பருவத்தில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவு நடைகள் நடத்துகிறது. பங்குனி ஆமைகளின் முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். என் மகள் என்னோடு முதல் நடை போனபோது விடிய விடிய மணலில் நடந்துவிட்டு, அறிமுகமான இரண்டு கல்லூரி அக்காக்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே தூங்கினாள். 1978இல் தொடங்கிய மெட்ராஸ் இயற்கை ஆர்வலர் சங்கமும் இப்படி வயது பார்க்காமல் பழகும் இடம். சாரணர் இயக்கத்திலும் பள்ளியைச் சேராத திறந்த குழுக்கள் உண்டு.

ஒரு கதவு மூடியிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளி வழியாகப் பெயர் கொடுக்கும் போட்டிகளில் நம் பிள்ளைகள் கலந்துகொள்ள முடியாது. சதுரங்கம் மாதிரி சங்கங்கள் நேரடியாக நடத்தும் போட்டிகளில் தடையில்லை. 14 வயதானால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். அங்கே நேர்முக வகுப்புகளில் தன்னைப் போலவே படிக்கும் ஆட்களைப் பார்ப்பார்கள்.

முன்பின் தெரியாதவங்ககிட்ட எல்லாம் அனுப்பறோமே, பயமா இல்லையா?

பயம் இருக்க வேண்டியதுதான். எந்த வகுப்பாக இருந்தாலும் பெற்றோர் உள்ளே வந்து உட்காரலாமா என்று கேளுங்கள். கூடாது என்றால் சேர்க்காதீர்கள். மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கும் வகுப்பு வேண்டாம். பள்ளியில் சொல்லிக் கொடுக்கும் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் நம் பிள்ளைகளுக்கு நாம் சொன்னால்தான் உண்டு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மனப்பாடமாக்கி வையுங்கள்.

புதன்கிழமை நாங்களும் வரலாமா?

வாருங்கள். கேட்க வேண்டியதே இல்லை. தண்ணீர், தொப்பி, அழுக்கானாலும் பரவாயில்லாத துணி, பகிர்ந்து சாப்பிட ஏதாவது. மழை பெய்தாலும் பூங்காவின் கொட்டகைக்குக் கீழே இருப்போம். முதல் வாரம் பிள்ளை உங்கள் மடியை விட்டு இறங்காமலே இருந்தால் அடுத்த புதன்கிழமையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.